பழைய பெட்டி யார் தலையில் விடியும்?

ஒரு மேசை விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு வரப்போகிறதா என்று அறிய, அதை வடிவமைக்கிறவர்களின் பேட்டிகளைத் துருவிப் படிக்கத் தேவையில்லை. அதன் அடிப்படை விதிப்புத்தகம் கடையில் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும். ‘இருப்பு இல்லை, மறுஅச்சு வரும்’ என்ற வரி ஒரு மாதம் தொங்கினால் கப்பல் தாமதம் என்று விட்டுவிடலாம். நான்கைந்து மாதம் தொங்கினால், நிறுவனம் வாயைத் திறக்காமலே விஷயத்தைச் சொல்லிவிட்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற கூட்டத்தில் இப்படிக் குடோனைப் பார்த்து ஜோசியம் சொல்கிறவர்கள் எப்போதும் உண்டு. நானும் அந்த ரகம்.

அதனால்தான் புதிதாக ஆட வந்த தம்பி ஒருவன் என்னிடம் போனில் கேட்டான்: “அண்ணா, இந்த ரூல்புக்க இப்பவே வாங்கலாமா, இல்ல புதுசு வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?”

“கடைக்காரர் என்ன சொல்றார்?”

“உடனே வாங்கிக்கச் சொல்றாருண்ணா. இருபது பர்சென்ட் குறைச்சும் தர்றாராம்.”

“அப்ப பொறுத்துக்கோ.”

சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏன் என்று அவனுக்குப் போனில் விளக்கியதைவிட இங்கே விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

புதுப் பதிப்பு என்றால் ரசிகர்கள் விதிமாற்றங்களைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள். வெளியீட்டாளருக்கும் கடைக்காரருக்கும் இருக்கும் கவலையே வேறு. அறிவிப்பு வெளியான அந்த நிமிடத்தில், குடோனிலும் அலமாரியிலும் இருக்கும் அத்தனை பழைய பிரதிகளின் மதிப்பும் சரிகிறது. அந்தச் சரிவை யார் தாங்குவது? அறிவிப்பு எந்த மாதம் வரும் என்பதை வடிவமைப்பாளர்களைவிட இந்தக் கேள்விதான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

முதலில் பணம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 50 டாலர் விலை போட்ட ஒரு விளையாட்டை மொத்த விநியோகஸ்தர் ஏறத்தாழ 20 டாலருக்கு எடுத்து, கடைக்கு 25, 27 டாலருக்குத் தள்ளுவார். மீதியில்தான் கடைக்காரர் வாடகை கட்ட வேண்டும், ஆள் வைக்க வேண்டும், சனிக்கிழமை மாலை முழுக்க ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்து ஆடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு ஏசி போட வேண்டும். இதில் முக்கியமான சங்கதி, இந்த விளையாட்டுக் கடைகளுக்கு வரும் சரக்கு பெரும்பாலும் திரும்பப் போகாது. வாங்கினால் வாங்கியதுதான். புத்தகக் கடைகளின் உலகம் நேர் எதிர். அங்கே விற்காததைத் திருப்பி அனுப்பிக் காசைக் கழித்துக்கொள்ளலாம். ஒரே புத்தகம் இரண்டு வாசல் வழியாகவும் விற்கிறது. ஒரு வாசலில் நஷ்டம் கடைக்காரர் தலையில், மற்றதில் வெளியீட்டாளர் தலையில்.

இரண்டாவது வாசல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு டிஎஸ்ஆர் நிறுவனமே சாட்சி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை 1974-இல் முதன்முதலில் வெளியிட்ட, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊர்க் கம்பெனி. புத்தகக் கடைகளுக்கான விநியோகத்தை ரேண்டம் ஹவுஸ் பார்த்துக்கொண்டது. சரக்கு அனுப்பியதுமே டிஎஸ்ஆருக்குப் பணம் வந்துவிடும் என்பது ஏற்பாடு. கைக்குப் பணம் வேண்டுமா, இன்னும் அச்சடித்து அனுப்பு. விற்றதா விற்கவில்லையா என்பது அப்புறம். 1996-இன் இறுதியில் அந்த ‘அப்புறம்’ வந்து சேர்ந்தது. நாவல்களும், டிராகன் டைஸ் என்ற பகடை விளையாட்டும் மலைமலையாகத் திரும்பின. வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கம்பெனியிடம் வழியில்லை. 1997-இல் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அதை வாங்கிக்கொண்டது. உலகமே அறிந்த விளையாட்டை வைத்திருந்த நிறுவனத்தை வீழ்த்தியதில் திரும்பி வந்த அட்டைப்பெட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, புதுப் பதிப்புக்கு வருவோம். வெளியீட்டாளரின் தலைவலி ‘கடைசி மறுஅச்சு’. பழைய பதிப்பை இன்னும் ஒரு தடவை அடிப்பதா, வேண்டாமா? அடித்தால் ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டும். குறைவாக அடித்தால் ஒரு பிரதியின் செலவு ஏறிவிடும். சீனாவில் அச்சிட்டு, கட்டி, கப்பலேற்றி, அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிக் கிடங்குக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். ஆகவே ஆறேழு மாதம் கழித்து எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை இன்றே ஊகித்தாக வேண்டும். ஊகம் குறைந்தால், புதுப் பதிப்பு வருவதற்கு நான்கு மாதம் முன்பே பழையது தீர்ந்துவிடும். அந்த நான்கு மாதமும் புது ஆட்டக்காரர் ஒருவர்கூட உள்ளே வர முடியாது. அடிப்படைப் புத்தகம் இல்லாமல் துணைப் புத்தகத்தை யார் வாங்குவார்? ஊகம் மிஞ்சினால், வெளியீட்டு நாளன்று கிடங்கில் பழைய பதிப்பு பலகை பலகையாக உட்கார்ந்து வாடகை தின்னும்.

சும்மா கிடக்கட்டும், மெல்ல விற்றுக்கொள்ளலாம் என்றால் அமெரிக்க வரிச் சட்டமும் விடாது. 1979-இல் தார் பவர் டூல் என்ற கம்பெனியின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ‘இந்தச் சரக்கு இனி விற்காது’ என்று கணக்கேட்டில் மட்டும் மதிப்பைக் குறைத்து வரிச்சலுகை கேட்க முடியாது. உண்மையிலேயே குறைந்த விலைக்கு விற்க முன்வர வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும். வழக்கு என்னவோ மின்கருவிகளின் உதிரிபாகங்களைப் பற்றியது. அடி விழுந்தது புத்தக வெளியீட்டாளர்களுக்கு. மெதுவாக விற்கும் பழைய புத்தகங்களைப் பொறுமையாக வைத்திருப்பதைவிடக் கூழாக்குவது லாபம் என்றாகிவிட்டது. நல்ல புத்தகங்கள் ஏன் திடீரென்று அடிமாட்டு விலைக்கு வந்து, பிறகு அடியோடு காணாமல் போகின்றன என்று வியந்திருந்தால், காரணங்களில் இதுவும் ஒன்று.

நம் ஊரில் ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஆடித் தள்ளுபடி இருக்கிறது. தீபாவளிச் சரக்கு இறங்குவதற்குள் பழசைத் தள்ளிவிட ஊரறிந்த ஒரு மாதம். விளையாட்டு வியாபாரத்தின் கஷ்டம், ஆடி எந்த மாதம் என்பது வெளியீட்டாளருக்கு மட்டும்தான் தெரியும். கடைக்காரருக்குச் சொன்னால் அவர் பழையதை வாங்குவதை நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால், போன வாரம் பத்துப் பிரதி வாங்கியவர் இந்த வார அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்.

சீக்கிரம் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வணிக உலகில் ஒரு பெயரே உண்டு: ஆஸ்போர்ன் விளைவு. அந்தப் பெயருக்குரிய ஆடம் ஆஸ்போர்ன் நம் திருவண்ணாமலையில் வளர்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1939-இல் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார், ஆசிரமத்தின் ‘மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கி நடத்தியவர். மகனின் சிறுவயது அருணாசலத்தின் அடிவாரத்தில் கழிந்தது. பிறகு இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், அங்கிருந்து அமெரிக்கா. 1981-இல் ஆஸ்போர்ன் 1 என்ற கணினியைக் கொண்டுவந்தார். விலை 1,795 டாலர். எடை 11 கிலோ சொச்சம். இருந்தாலும் கைப்பிடி வைத்திருந்ததால் எடுத்துப் போகக்கூடிய கணினி என்று பெயர். உச்சத்தில் மாதம் 10,000 வரை விற்றதாகச் சொல்வார்கள்.

1983-இன் தொடக்கத்தில் அடுத்த மாடல் எக்ஸிக்யூட்டிவ் பற்றி, அது கடைக்கு வரும் முன்பே பேச்சுக் கொடுத்துவிட்டார். விற்பனையாளர்கள் பழைய மாடலுக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களை ரத்து செய்தார்கள், பணவரவு நின்றது, அந்த செப்டம்பரில் கம்பெனி திவாலானது. எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்கும் கதை இது. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. அதே 1,795 டாலருக்குப் பெரிய திரையோடு கேப்ரோ என்ற போட்டியாளர் வந்திருந்தார். எக்ஸிக்யூட்டிவின் விலையோ 2,495 டாலர். பின்னாளில் வெளிவந்த இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். பழைய மாடலின் மதர்போர்டுகள் சுமார் 1,50,000 டாலர் பெறுமானத்துக்குக் கிடங்கில் கிடந்தனவாம். வீணாக்குவானேன், முழுக் கணினியாக்கி விற்றுவிடலாம் என்று கிளம்பி, திரை, டிரைவ், வெளிக்கூடு எல்லாம் வாங்க 20 லட்சம் டாலரைக் கொட்டினார்களாம். யாருக்கும் வேண்டாத மாடலுக்கு. தேங்கிய சரக்கைக் காப்பாற்றப் போய்க் கஜானாவைக் காலி செய்த கதை. முன்கூட்டிப் பேசியதால் விழுந்தார் என்பதைவிட, பழைய பெட்டியைத் தூக்கிப்போட மனம் வராமல் விழுந்தார்கள் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆஸ்போர்ன் 1992-இல் இந்தியா திரும்பி, 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

விஸார்ட்ஸ் நிறுவனம் இந்தச் சொல்வதா மறைப்பதா விவகாரத்தில் எல்லா வழிகளையும் முயன்றிருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பை 1999 ஆகஸ்டில் ஜென் கான் விளையாட்டுத் திருவிழாவில் அறிவித்து, சரியாக ஒரு வருடம் கழித்து வெளியிட்டார்கள். கடைக்காரர்களுக்குப் பழையதைத் தீர்க்க ஓராண்டு அவகாசம். மூன்று அடிப்படைப் புத்தகங்களையும் ஒரே நாளில் கொட்டாமல் மாதத்துக்கு ஒன்றாக விட்டார்கள். இதை வாசகர்கள் தாமதம் என்று சலித்துக்கொள்வார்கள். சின்னக் கடைக்காரருக்கோ அது மூச்சு விடும் இடைவெளி. முதல் புத்தகம் விற்ற பணத்தில் இரண்டாவதை எடுக்கலாம்.

பிறகு 2003 ஜூலையில் 3.5 வந்தது. இது பதிப்பு மாற்றமா, திருத்தமா என்பதே தெளிவாக இல்லை. ரேஞ்சர் என்ற பாத்திர வகை மாறியது, ஹேஸ்ட் மந்திரம் மாறியது, ஆயுத அளவுகள் மாறின. தனித்தனியாகப் பார்த்தால் சில்லறை மாற்றங்கள். ஆனால் அதற்குள் என்ன நடந்திருந்தது என்றால், தன் விதிகளை வைத்து யாரும் புத்தகம் போடலாம் என்று விஸார்ட்ஸ் 2000-இல் தந்த திறந்த உரிமத்தைப் பயன்படுத்தி எத்தனையோ குட்டி நிறுவனங்கள் மூன்றாம் பதிப்புக்கான துணைப் புத்தகங்களை அடித்துக் குவித்திருந்தன. டி20 என்ற முத்திரை இருந்தால் எதுவும் விற்கும் என்று கடைகளும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கின. 3.5 வந்ததும் அந்த அலமாரி முழுக்க ஒரே வாரத்தில் ‘பழசு’ ஆகிவிட்டது. விஸார்ட்ஸ் தன்னுடைய துணைப் புத்தகங்களுக்கு மட்டும் இலவசத் திருத்தக் குறிப்பேடு வெளியிட்டது. மற்றவர்களின் புத்தகங்களுக்கு யார் வெளியிடுவார்? அவை தள்ளுபடிப் பெட்டிக்குப் போயின, பல குட்டி நிறுவனங்கள் கடையைக் கட்டின, சில கடைகளும் கூடவே போயின. அந்தப் புத்தகங்களில் பாதிக்கு மேல் குப்பை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 3.5 வராவிட்டாலும் வெகுநாள் தாங்கியிருக்காது. ஆனாலும் புதுப் பதிப்பின் செலவு அதை வெளியிட்டவர் அல்லாத ஒருவர் தலையில் முழுதாக விடிந்ததற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

2012-இல் செய்ததுதான் என்னைக் கேட்டால் அவர்களுடைய ஆகச் சிறந்த தந்திரம். அந்த ஜனவரியில் அடுத்த பதிப்பு தயாராகிறது என்று பகிரங்கமாகவே சொல்லிவிட்டார்கள். புத்தகம் வந்ததோ 2014 ஆகஸ்டில். நடுவில் இரண்டரை வருடம். அப்போது கடையில் இருந்த நான்காம் பதிப்பை இனி யார் வாங்குவார்? இங்கேதான் பழைய பதிப்புகளையே அழகாக மறுஅச்சிட்டு விற்றார்கள். 2012-இல் முதல் பதிப்பு, அதே ஆண்டில் 3.5, அடுத்த ஆண்டில் இரண்டாம் பதிப்பு, பிறகு 1974-இன் பெட்டி. 2013 ஜனவரியிலிருந்து பழைய புத்தகங்கள் பிடிஎஃப்-ஆகவும் கிடைத்தன. செத்த பதிப்புக்குக் காலாவதி ஏது? அடுத்தது வரும்வரை கடை அலமாரி காலியாக இல்லை, கடைக்காரர் கையில் விற்க ஏதோ இருந்தது.

2024-இல் இன்னொரு வழி. புதிய விதிப்புத்தகங்களை ‘ஆறாம் பதிப்பு’ என்று அழைக்கவே மறுத்தார்கள். ஐந்தாம் பதிப்பின் சாகசங்கள் இதோடும் ஆடலாம் என்றார்கள். ஆடலாம்தான், கொஞ்சம் தட்டி நிமிர்த்தினால். அந்த ஒரு வாக்கியம் கடைகளில் இருந்த பத்தாண்டுச் சாகசப் புத்தகங்களின் விலையைக் காப்பாற்றியது. கூடவே, பொது வெளியீடு செப்டம்பர் 17 என்றால், தங்கள் வலைப்பின்னலில் உள்ள விளையாட்டுக் கடைகளுக்கு செப்டம்பர் 3-ஆம் தேதியே விற்க அனுமதி. ஆன்லைன் ஜாம்பவான்களோடு விலையில் போட்டி போட முடியாத கடைக்காரருக்கு இரண்டு வாரம் முன்னிலை. பழைய பிரதிகளால் பட்ட நஷ்டத்தைப் புதியதில் ஈடுகட்டிக்கொள் என்று சொல்லாமல் சொல்வது.

மினியேச்சர் விளையாட்டுகளில் சிக்கல் இன்னும் தடிமன். புத்தகம் போனால் ஐம்பது டாலர். பிளாஸ்டிக் விமானங்களும் படைவீரர்களும் ஒரு சுவர் முழுக்கத் தொங்கும். ஃபேன்டஸி ஃபிளைட் நிறுவனம் எக்ஸ்-விங் விளையாட்டின் இரண்டாம் பதிப்பை 2018 மே மாதம் அறிவித்து செப்டம்பரில் வெளியிட்டபோது, ஒவ்வொரு அணிக்கும் ஒரு ‘மாற்றுப் பெட்டி’ விற்றது. உள்ளே பிளாஸ்டிக் கிடையாது, புதிய அட்டைகளும் வில்லைகளும் மட்டும். பழைய விமானத்தை வைத்துக்கொண்டு புதிய விதியில் ஆடலாம். சுவரில் தொங்கிய பழைய பெட்டிகளுக்கும் இதனால் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் இருந்த நான்கு மாதம் பல கடைக்காரர்களுக்குப் போதவில்லை. பழைய விமானங்கள் வெகுகாலம் தள்ளுபடிக் கூடையில் கிடந்தன. வாங்குகிறவனுக்கு அது கொண்டாட்டம்.

நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் நிலை தனி. சொந்தத் தொழிற்சாலை, உலகெங்கும் 500-க்கும் மேற்பட்ட சொந்தக் கடைகள். பொம்மை வார்ப்பு முதல் கல்லாப்பெட்டி வரை ஒரே கை. வார்ஹாமர் 40,000 விளையாட்டின் எட்டாம் பதிப்பு 2017, ஒன்பதாவது 2020, பத்தாவது 2023 என்று மூன்றாண்டுக் கணக்கு மாறாமல் போகிறது. ஆடி எப்போது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் 2023-இன் ஆரம்பத்தில் வேர்ல்ட் ஈட்டர்ஸ் படைக்கான ஒன்பதாம் பதிப்பு விதிப்புத்தகத்தை விற்றார்கள். மார்ச்சில் பத்தாம் பதிப்பு அறிவிப்பு, ஜூனில் வெளியீடு. சில மாதங்கள் மட்டுமே உயிரோடிருந்த கெட்டி அட்டைப் புத்தகம். பத்தாம் பதிப்பின் தொடக்க விதிகளை எல்லாப் படைகளுக்கும் இலவசமாக இணையத்தில் போட்டதால் கூச்சல் சற்று அடங்கியது. பொம்மைகள் வழக்கொழியாதவரை புத்தகங்கள் வழக்கொழிவதைப் பற்றி அந்தக் கம்பெனி ரொம்பக் கவலைப்படாது. லாபம் பிளாஸ்டிக்கில் இருக்கிறது.

முன்பதிவு என்ற கருவியும் இதே நாடகத்தின் பகுதிதான், ஆனால் அதை நம்பினால் கதை கந்தல். 1994-இல் விஸார்ட்ஸின் மேஜிக் என்ற சீட்டு விளையாட்டின் அட்டைகளுக்கு இருந்த பஞ்சத்தில், கேட்டதில் ஒரு பங்குதான் வரும் என்று பழகிப்போன கடைக்காரர்கள் ஃபாலன் எம்பயர்ஸ் தொகுப்புக்குத் தேவையைப் போலப் பல மடங்கு ஆர்டர் போட்டார்கள். விஸார்ட்ஸ் அந்த முறை கேட்டதையெல்லாம் அச்சடித்து அனுப்பிவிட்டது. அந்த அட்டைகளின் உறை பிரிக்காத பெட்டிகள் வருடக்கணக்கில் சல்லிசாகக் கிடைத்தன.

எல்லாத் திட்டத்தையும் வெளியிலிருந்து வரும் ஒரு காற்று கலைத்துவிடும் என்பதற்கு 2023 ஜனவரி. விஸார்ட்ஸ் தன் பழைய திறந்த உரிமத்தை மாற்றப் போகிறது என்ற செய்தி கசிந்ததும் ரசிகர்கள் கொதித்துப்போய், போட்டியாளர் பைஸோவின் பாத்ஃபைண்டர் பக்கம் சாய்ந்தார்கள். எட்டு மாதத்துக்கென்று வைத்திருந்த அடிப்படைப் புத்தகம் இரண்டே வாரத்தில் தீர்ந்தது என்று பைஸோ அறிவித்தது. எந்த வியாபாரிக்கும் கனவு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மறுஅச்சு அடித்தே ஆக வேண்டும், அதில் எந்த உரிமத்தால் தலைவலி வருமோ அதே உரிமத்தின் வாசகம் இருக்கும். அடிப்பதுதான் அடிக்கிறோம், அந்த உரிமம் தேவைப்படாதபடி திருத்தியே அடித்துவிடுவோம் என்று இறங்கினார்கள். ஏப்ரலில் அறிவித்து, நவம்பரில் ‘ரீமாஸ்டர்’ வந்தது. பழைய புத்தகம் கிடங்கில் மலையாக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் துணிந்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

இனி வாங்குகிறவர்களுக்கு. விதிப்புத்தகமும் கதைப்புத்தகமும் ஒரே வேகத்தில் காலாவதியாவதில்லை. விதிகள் அறிவிப்பன்றே சரிகின்றன. சாகசங்கள், வரைபடங்கள், உலக விவரணைகள், பிளாஸ்டிக் அசுரர்கள் இவற்றுக்கெல்லாம் அடுத்த பதிப்பிலும் வேலை உண்டு. ஆனால் தள்ளுபடிக் கூடையில் இரண்டும் ஒன்றாகவே விழும், ஏனென்றால் கடைக்காரருக்கு வேண்டியது முடங்கிய பணம், எந்தப் புத்தகத்திலிருந்து வருகிறது என்பது அவருக்கு ஒன்றுதான். ஆகவே அடிப்படை விதிப்புத்தகத்தில் இருபது சதவிகிதம் குறைத்தால் ஒதுங்கிவிடுங்கள். சாகசப் புத்தகத்தில் நாற்பது குறைத்தால் இரண்டாக வாங்குங்கள். வெளியீட்டாளர் தளத்தில் அடிப்படைப் புத்தகம் தீர்ந்து, துணைப் புத்தகங்கள் மட்டும் நிரம்பி வழிந்தால் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்களுக்கு உட்கார்ந்து ஆட இடம் தருகிற சின்னக் கடை இருந்தால், அறிவிப்பு வந்த மாதம் அவரிடம் பழைய பதிப்பில் ஏதாவது ஒன்றை முழு விலைக்கே வாங்குங்கள். அந்த மாதம் அவர் கட்டவேண்டிய வாடகைப் பணம்தான் அந்த அலமாரியில் தூங்குகிறது.